மோட்டார் ஒர்க் ஆவல!

'மோட்டார் ஒர்க் ஆவல', 'மாத்திரை ஒர்க் ஆவுது', 'அண்ணன் கம்பெனியில ஒர்க் பண்றார்'. புதுச்சேரிப் பக்கம் பாகூரிலும் வில்லியனூரிலும் இந்த இங்கிலீஷ் வினைச்சொல்லை எதற்கெல்லாமோ இழுத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரர்களும் அப்படித்தான். இயற்பியல் மட்டும் படு கறார். ஒரு பொருளுக்கு விசை கொடுக்க வேண்டும்; அந்த விசையின் திசையில் அது நகரவும் வேண்டும். அப்போதுதான் அது வேலை.

15 லிட்டர் குடத்தைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி இடுப்பில் வைத்தால், வேலையின் அலகான ஜூல் கணக்கில் ஏறக்குறைய 150 ஜூல் வேலை. அங்கிருந்து சமதரையில் வீடுவரை நடந்தால்? குடத்தைத் தாங்கும் விசை மேல்நோக்கி, குடம் போவது பக்கவாட்டில். ஆகவே அந்த விசை செய்யும் வேலை பூஜ்யம்! இதை அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். கை வலிப்பது நிஜம்தான். குடம் உயராவிட்டாலும் தசைநார்கள் உள்ளே இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது.

இந்தக் கறாரான கணக்குக்கு 1829-இல் பெயர் வைத்தவர் கொரியோலி என்ற பிரெஞ்சுக்காரர். அவர் சூட்டிய பெயர் 'த்ரவாய்'. பிரெஞ்சில் வேலை என்றுதான் அர்த்தம். அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அது குதிரை, நீர்ச்சக்கரம், நீராவி எந்திரம் எல்லாவற்றையும் ஒரே கோலால் அளக்க வேண்டிய காலம். அந்தக் கோல்: எவ்வளவு எடை, எவ்வளவு உயரம்?

கிணற்றுநீர் இறைக்கும் நம் ஏற்றத்தை அந்தக் கோலில் வைத்துப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர்ச் சால் 5 மீட்டர் மேலே வந்தால் சுமார் 1000 ஜூல். ஆனால் மிதிப்பவர் சாலைக் கையால் தூக்குவதே இல்லை. துலா என்ற நீள மரத்தின் மேல் நடக்கிறார்; அவர் உடல் எடை ஒரு முனையைத் தாழ்த்த, மறுமுனையில் சால் உயர்கிறது. சும்மா கிடைத்ததா? இல்லை. இறங்கிய உடலை அடுத்த முறை மேலே ஏற்றுகிறாரே, அங்கேதான் அவர் வேலை ஒளிந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரிப் பகுதியில் போட்ட சில ஆழ்துளைகளில் ஏற்றமும் இல்லை, எந்திரமும் இல்லை. தண்ணீர் தானே பொங்கி வந்தது. ஆர்ட்டீசியன் கிணறு என்பார்கள். மேட்டு நிலத்தில் இறங்கிய மழைநீர், களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். துளை போட்டதும் மேலே பாயும். அந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றியது யார்? ஆவியாக்கி மேகமாய் உயர்த்திய சூரியன்தான்.