உங்களுக்குத் தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் பழுதானால் ஸ்பீக்கரும் எரியலாம்!

சென்னையை அடுத்த படப்பையில் மழைக்காற்றுக்கு நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம். ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும், கெப்பாசிட்டர் வீங்கி வெடிக்கும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் கதையே வேறு. பாட்டுக்குப் பதிலாக டிசி மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாயும். வாய்ஸ் காயில் கருகி, காகிதக் கூம்பே தீப்பிடிக்கலாம். இதைத் தடுக்கத்தான் பியூஸும் பாதுகாப்பு ரிலேவும். பியூஸ் போனதும் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகுவது நம்மூர் வைத்தியம்! அடுத்து எரிய மிச்சமிருப்பது டிரான்ஸ்ஃபார்மர்தான்.

மின்சாதனப் பாதுகாப்புக்கு அரசு விதியும் வந்தது. 32 அங்குலமும் அதற்கு மேலுமான டிவிகளுக்கு, 2012-இல் வந்த மத்திய அரசு ஆணை பாதுகாப்புப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதே ஆணையில் ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த வரம்பு 2,000 வாட். வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை அந்த வலையில் சிக்கவே இல்லை.