"பெர்மனென்ட் ஆக்குவாங்களா தம்பி?" - ஓசூர் அப்ரன்டிஸ் வாழ்க்கையில் 12 மாதங்கள்!

காலை 5.20 மணி. ஓசூர் மூக்கண்டப்பள்ளி பக்கம் சாலையோரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். டீக்கடை பெஞ்சில் சேஃப்டி ஷூவும் கழுத்தில் ஐ.டி கார்டுமாக இருபது வயசுப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள். ஏ ஷிஃப்ட் ஆறு மணிக்கு.

அந்த பெஞ்சில் ஒரு வருடம் உட்கார்ந்தவன் என் தம்பி. கிருஷ்ணகிரியில் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த கையோடு, ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் 12 மாத அப்ரன்டிஸாகச் சேர்ந்தான். 'கம்பெனியில சேர்ந்துட்டான்' என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் உறவுக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான்... "பெர்மனென்ட் ஆக்குவாங்களா தம்பி?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ராகியும் காய்கறியும் விளைந்த இந்த எல்லைப் பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970-களில். 1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் தொழிற்சாலை, அதே வருடம் இங்கிருந்து டி.வி.எஸ் 50 மொபெட், பிறகு டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி எடுத்து, கைக்கடிகாரம் செய்யப் பழக்கியது டைட்டன். அப்படி உள்ளே போனவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினீயர் ஆக்கினார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, 'டிரெய்னிங்' என்றாலே 'வேலை' என்று அர்த்தம் செய்துகொள்கிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்; தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. 2014-ல் வந்த திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். சேரும் நாளில் தம்பி ஐந்தாறு தாள்களில் கையெழுத்துப் போட்டான். ஒன்றையும் படிக்கவில்லை. 'படிச்சியாடா?' என்று கேட்காத அக்கா நான். இத்தனைக்கும் நான் பத்திரிகைக்காரி!

பிசிறு தட்டிய நான்கு மாதம்

முதல் வாரம் வகுப்பு. பாதுகாப்பு, 5எஸ், கம்பெனி வரலாறு. அடுத்த வாரம் லைனில் விட்டார்கள். மெஷினிலிருந்து வரும் பாகத்தின் ஓரத்தில் இருக்கும் உலோகப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு டிரேயில் அடுக்க வேண்டும். ஒரு வாரம் என்று சொன்னது நான்கு மாதம் ஓடியது. பயிற்சி அட்டவணையில் மெஷின் ஷாப், குவாலிட்டி, மெயின்டனன்ஸ், அசெம்பிளி என்று எல்லாம் இருந்தது. லைனில் ஆள் பற்றாக்குறை என்பதும் இருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ரூம். ஒருவன் சி ஷிஃப்ட் முடித்துவந்து படுக்கும்போது இன்னொருவன் ஏ ஷிஃப்ட்டிலிருந்து திரும்பவே இல்லை. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது பொங்கலுக்கு முந்தின ஞாயிறு மட்டும்தான் என்பான். லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஓடும். 'நிறுத்து' என்பதை நான்கு மொழியிலும் கற்றுக்கொண்டதுதான் முதல் மாதத்தின் சாதனையாம்.

அவனுக்கு நல்ல காலம், தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் அமைந்தார். ஷிஃப்ட் முடிந்தும் அரைமணி நேரம் நின்று, சி.என்.சி மெஷினில் ஆஃப்செட் மாற்றுவதைக் காட்டிக்கொடுத்தார். "நான் எட்டு வருஷம் கேட்காமயே நின்னேன். நீ போய்க் கேளு" என்று சொன்னவரும் அவர்தான். தம்பி அட்டவணையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர் மேடத்தின் முன்னால் போய் நின்றான். கை நடுங்கியதாம். இரண்டு வாரத்தில் குவாலிட்டிக்கு மாற்றினார்கள். கேட்டால் கிடைக்கும் என்று இதிலிருந்து பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதே பேட்சில் கேட்டவன் ஒருவன் அதே லைனில்தான் வருடத்தை முடித்தான்.

8,000 ரூபாயில் பாதி எங்கே?

2019-ல் மாற்றப்பட்ட விதிகளின்படி மாத உதவித்தொகை குறைந்தபட்சம் ஐ.டி.ஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று இருந்தது. இதை உயர்த்தி, 5,000 - 9,000 என்றிருந்த வரம்பை 6,800 - 12,300 ஆக்கலாம் என்று 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. டிப்ளமா, பட்டதாரிகளுக்கான 'நாட்ஸ்' திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. அது இப்போது நேரடியாகப் பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தம்பிக்கு மூன்று மாதம் வரவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறது என்று வீட்டில் ஒரே புலம்பல். கடைசியில் பார்த்தால், அவன் கணக்கோடு ஆதாரை இணைக்கவே இல்லை!

இன்னொன்றையும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாட்ஸ் அப்ரன்டிஸ் வாய்ப்பு ஒருவருக்கு ஒருமுறைதான். ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தாலும் கிடைக்காது. 'டிரெய்னி' என்று வாயால் சொல்லி எடுப்பது வேறு, போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாவது வேறு. பதிவாகியிருந்தால்தான் முடிவில் அரசுச் சான்றிதழ். வேலையிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் சட்டப்படி நிறுவனத்துக்கு உண்டு. தொழிலாளி இல்லை என்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறுவனங்கள் ஏன் எடுக்கின்றன? 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரன்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பது விதி. குறைந்த செலவில் கை கிடைக்கிறது என்பதும் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

நாடு முழுக்க இதே கணக்குதான் போல. 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சியாகத்தான் வந்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000. முதல் சுற்றில் 82,000-க்கு மேல் வாய்ப்புகள் வழங்கப்பட்டன. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். சேர்ந்தவர்களோ 8,700 சொச்சம். ரூம் வாடகையும் மெஸ் பில்லும் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சர்யம் இருக்காது.

தம்பியின் பேட்சில் இரண்டு பேரை கம்பெனி எடுத்துக்கொண்டது. அவன் அதில் இல்லை. கடைசி நாள் ஐ.டி கார்டையும் லாக்கர் சாவியையும் கொடுத்துவிட்டு, சேஃப்டி ஷூவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினான். சூளகிரி தாண்டும்வரை யாருக்கும் போன் செய்யவில்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். அப்பா எதுவும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்றான்.

பிறகு ஓசூரிலேயே ஒரு சின்ன யூனிட்டில் இன்டர்வியூ. கேள்வி எதுவும் இல்லை. ஒரு மைக்ரோமீட்டரையும் ஒரு ஷாஃப்ட்டையும் மேஜையில் வைத்து, அளந்து சொல்லச் சொன்னார்கள். தம்பி முதலில் மைக்ரோமீட்டரைத் துடைத்து, மூடி, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்தான். அப்புறம்தான் ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தான். 'எப்போ சேர்றீங்க?' என்று கேட்டுவிட்டார்களாம்.

குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முன்பு வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான சம்பளம். போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் சொன்னான்.

அப்பா கேட்டார்: "அங்கயாவது பெர்மனென்ட்டாப்பா?"

"ஆறு மாசம் புரொபேஷன்ப்பா" என்றான்.