ஒலிமாற்றி ஊமையாகும்போது

காரைக்குடியிலிருந்து 1940களின் இறுதியில் சென்னைக்கு வந்த ஏவி.எம். ஸ்டுடியோவும், நாகி ரெட்டியின் விஜயா-வாஹினியும், அடுத்திருக்கும் சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் நிறுவிய பிரசாத் ஸ்டுடியோவும் வடபழனியைச் சுற்றியுள்ள பகுதியைத் திரைப்பட ஒலிப்பதிவின் தலைநகராக ஆக்கின. பெரிய தளங்கள் பல மருத்துவமனையாகவும் வணிக வளாகமாகவும் மாறிவிட்ட பிறகும் அந்தத் தொழில் அங்கிருந்து போய்விடவில்லை. ஆற்காடு சாலையின் கிளைத் தெருக்களில், அடுக்ககங்களின் ஓர் அறைக்குள் அடங்கும் டப்பிங் கூடங்களாகவும் சிறிய ரெக்கார்டிங் அறைகளாகவும் அது தொடர்கிறது. ஒரு காலத்தில் சுவரளவு நின்ற கருவிகள் செய்த வேலையின் ஒரு பகுதியை இன்று உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்று செய்கிறது. எண்களாகச் சேமிக்கப்பட்ட ஒலியை மின் அலையாக மாற்றி ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் அனுப்பும் அந்தக் கருவியைத் தொழிலில் இருப்பவர்கள் டிஏசி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டதும், பிற நிறுவனங்களும் அதே வழியில் சென்றதும், இந்தக் கருவியை ஸ்டுடியோவுக்கு வெளியே சாதாரண இசை ரசிகரின் சட்டைப்பைக்கும் கொண்டுவந்து சேர்த்தன.

கருவியிலிருந்து ஒலி வராதபோது அது பழுதாகிவிட்டது என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். உண்மையில் மாற்றும் சிப் கெடுவது அரிது. கணினியும் கருவியும் வேகத்திலோ மின்சாரத்திலோ நேரக்கணக்கிலோ உடன்படாமல் போவதே வழக்கமான காரணம். ஆகவே எதை முதலில் சந்தேகிப்பது என்ற வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த வரிசையில் முதலிடம் கேபிளுக்கு உரியது. செல்போன் சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இரா. அத்தகைய கேபிளில் டிஏசியின் விளக்கு எரியும், ஆனால் கணினி அதைக் காணாது. தரவுக் கம்பிகள் இருந்தும் தரம் குறைந்திருந்தால் இடையிடையே 'டிக்' என்ற ஒலி எழும். அதே கேபிளில் பென் டிரைவ் ஒழுங்காக வேலை செய்வதைக் காட்டிக் கேபிள்மீது குற்றமில்லை என்று வாதிடுவோர் உண்டு. பென் டிரைவுக்குச் செல்லும் தரவில் பிழை நேர்ந்தால் அது மறுபடி அனுப்பப்படும். யுஎஸ்பி வழியே செல்லும் ஒலித்தரவு அப்படி மறுபடி அனுப்பப்படுவதில்லை, தவறிய துணுக்கு தவறியதுதான் என்பதால், அந்த வாதம் நிற்காது. யுஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வகைத் துளை தரும் மின்னோட்டம் 500 மில்லியாம்பியருக்கு உட்பட்டது. அதைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும்படி ஒரே ஹப்பில் ஹார்டு டிஸ்க், விசைப்பலகை, டிஏசி ஆகிய மூன்றையும் செருகிவிட்டுக் கருவி அடிக்கடி துண்டிக்கப்படுவதாகக் குறைகூறுவது சரியன்று. டிஏசியைக் கணினியின் துளையில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதே முதல் சோதனை.

அடுத்தது டிரைவர், அதாவது கருவியின் மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள். யுஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கு வகுப்பு 1, வகுப்பு 2 என்று இரு பொதுவிதிகள் பரவலாக வழங்குகின்றன. வகுப்பு 1 கருவிகள் பொதுவாக இயங்கும் பழைய வேகத்தில் ஒரு மில்லிவிநாடிக்கு அதிகபட்சம் 1,023 பைட் ஒலித்தரவு மட்டுமே செல்ல முடியும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிக்கு 576 பைட் போதும். 192 கிலோஹெர்ட்ஸுக்கு 1,152 பைட் தேவை என்பதால் அது அந்த வழியில் நுழையவே முடியாது. உயர்ந்த வீதங்களுக்கு வகுப்பு 2 அவசியமாயிற்று; ஆனால் அதற்கான டிரைவர் விண்டோஸுடன் சேர்ந்தே வரத் தொடங்கியது 2017இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான். அதற்கு முந்தைய விண்டோஸ் ஓடும் பழைய கணினியில் புதிய டிஏசி 'அறியப்படாத கருவி' என்று தோன்றினால், தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவும்வரை அது அப்படியே இருக்கும்.

நேரக்கணக்கின் சிக்கல் இவற்றைவிடச் சுவையானது. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறது. திரைப்பட ஒலியோ 48,000 முறை அளக்கப்படுகிறது. இதற்காகவே நல்ல டிஏசிகளில் இரு படிகக் கடிகாரங்கள் இருக்கும். கோப்பின் வீதமும் கருவி ஓடும் வீதமும் வேறுபட்டு, நடுவே மாற்றித்தரும் மென்பொருளும் இல்லாவிட்டால், 44,100இல் பதிவான பாட்டு 48,000இல் ஓடும். 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடியது ஒன்றரைக் கட்டையைத் தாண்டி, இரண்டு கட்டையை எட்டாமல் எந்த ஆர்மோனியக் கட்டைக்கும் பொருந்தாத இடத்தில் நிற்கும். பாடகரைக் குறைசொல்வதற்கு முன் ஒலிப்பதிவு மென்பொருளில் புராஜெக்டின் வீதத்தைப் பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட டிஜிட்டல் கருவிகளை இணைத்த அறைகளில், கச்சேரிக்குத் தாளம் ஒன்றாக இருப்பதைப் போல, ஒரே கருவியின் கடிகாரத்தை மற்றவை பின்பற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தையே நம்பினால் சீரான இடைவெளியில் 'டிக்' ஒலி கேட்கும்.

சீரற்றுப் பொரிவது போன்ற ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் பஃபர், அதாவது கணினி ஒலியை முன்கூட்டித் திரட்டிவைக்கும் இடம். ஒரு முறை அளந்த எண்ணைச் சாம்பிள் என்பார்கள்; 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது ஏறத்தாழ 5 மில்லிவிநாடி; 1,024 என்பது 21 மில்லிவிநாடி. பாட்டு கேட்பவர் பஃபரைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்; தம் குரலை ஹெட்போனில் கேட்டபடியே பேசும் டப்பிங் கலைஞருக்கு அந்த 21 மில்லிவிநாடி உதட்டசைவோடு மல்லுக்கட்ட வைக்கும். இடைவிடாத 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு வகை: அது எர்த் இணைப்பின் கோளாறு. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கினால் காரணம் தெளிவு. தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாக இணைத்தும் ஒலி வராவிட்டால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பை டால்பியிலிருந்து, டிஏசி நேரடியாகப் படிக்கும் பிசிஎம் வடிவுக்கு மாற்ற வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகே ஃபர்ம்வேரின் முறை வரும். கருவியின் நினைவகத்தில் நிலையாகப் பதிந்து, அதன் சிப்களை இயக்கும் நிரலே ஃபர்ம்வேர். கடிகாரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவி ஒரு கணம் வாயடைத்துக்கொள்வதால் வசனத்தின் முதலெழுத்து விழுங்கப்பட்டு 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று கேட்பது போன்ற குறைகள் ஃபர்ம்வேரால் நேர்பவையாக இருக்கலாம். அவற்றைப் புதுப்பிப்பு தீர்க்கவும் கூடும். ஆனால் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாகப் புதுப்பிப்பைப் பரிந்துரைப்பது தவறான பழக்கம், ஏனெனில் மேற்சொன்ன சோதனைகளில் எதையும் பழைய நிலைக்குத் திருப்பலாம், புதுப்பிப்பைத் திருப்புவது எல்லாக் கருவிகளிலும் சாத்தியமன்று.

ஒரே மாடல் பெயருக்குள் வேறுவேறு சிப்கள் இருப்பதும் உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகா நகரிலுள்ள அசாகி கசெய் மைக்ரோடிவைசஸ் ஆலை தீப்பற்றியதால் அந்நிறுவனத்தின் டிஏசி சிப்கள் கிடைக்காமற்போய், தயாரிப்பாளர்கள் சிலர் தம் கருவிகளை வேறு சிப்களைக் கொண்டு மறுவடிவமைக்க நேர்ந்தது. எனவே மாடல் பெயரோடு வன்பொருள் பதிப்பும் பொருந்தும் ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரிடமிருந்து மட்டுமே பெற வேண்டும். மின்சாரம் போனாலும் நிற்காத ஏற்பாடு, அதாவது முழுதும் சார்ஜ் ஏறிய லேப்டாப்போ யுபிஎஸ்ஸோ, இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. புதுப்பிப்பின் நடுவே கருவி கணினியின் பட்டியலிலிருந்து மறைந்து, வேறு பெயரில் மறுபடி தோன்றுவது இயல்பு. அதைக் கண்டு பதறிக் கேபிளைப் பிடுங்குவதால் கருவி செயலிழக்கக்கூடும். எக்ஸ்மாஸ் நிறுவனத்தின் சிப் கொண்ட கருவிகள் சிலவற்றில் ஆலையில் பதித்த மூலப்பிரதி தனியே காக்கப்படுவதால், புதிய நிரல் சிதைந்தாலும் அவை பழைய நிரலில் எழுந்துவிடும். எல்லாக் கருவிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒலிப்பதிவு அறை நடத்துவோர், கையிலுள்ள படத்தின் வேலை முடியும்வரை ஃபர்ம்வேரையோ டிரைவரையோ தொடாமலிருப்பதே மேல். மற்றவர்கள் கருவி நன்றாக ஓடும் நாளிலேயே அதன் வரிசை எண், வன்பொருள் பதிப்பு, ஃபர்ம்வேர் எண், டிரைவர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். சேவை மையத்தில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுபவை இவையே, கணினி கருவியை அடையாளம் காணாத நிலையில் இவற்றுள் கடைசி இரண்டையும் பார்த்துச் சொல்ல எளிதில் வழி இராது.