எரிமலை எதற்கு? கிணறு இருக்கிறது!

பள்ளிதோறும் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கிறது. பந்தல் உண்டு, பதாகை உண்டு, பரிசும் உண்டு. உள்ளே நுழைந்தால் முதல் மேசையிலேயே களிமண் எரிமலை! சமையல் சோடாவைக் கொட்டி, சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஊற்றியதும் நுரை பொங்கி வழிகிறது. கூடியிருப்போர் கை தட்டுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: சேர்வராயன் மலை எந்நாளில் நெருப்பைக் கக்கிற்று? கொல்லிமலை என்று குமுறி வெடித்தது? இல்லாத எரிமலைக்கு மேசை போட்ட பள்ளியிலே, இருக்கின்ற கிணற்றுக்கு ஒரு மூலை உண்டா? விடை தெரிந்த வினாவுக்கு வேடிக்கை காட்டுவது விஞ்ஞானமல்ல, தோழர்களே! விடை தெரியாத வினாவைத் துரத்திச் செல்வதே விஞ்ஞானம்!

இதிலே இன்னொரு கொடுமையும் உண்டு. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கடையிலிருந்து மாதிரி வருகிறது; விளக்கு எரிகிறது, சக்கரம் சுழல்கிறது, பரிசு கிடைக்கிறது. தறி ஓட்டுபவரின் மகள் அட்டையிலே வரைந்த படத்தோடு ஓரத்தில் நிற்கிறாள். "விஞ்ஞானம் நமக்கு வராது" என்று அன்றே முடிவு கட்டிக்கொள்கிறாள். குறை அவள் அறிவிலா, அளந்தவர் கோலிலா?

திருவண்ணாமலையைப் பாருங்கள். தெருவிலே துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தாள் ஒரு பள்ளி மாணவி. இந்தக் கரிக்கு மாற்று இல்லையா என்று கேட்டாள். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி பிறந்தது. வினிஷா உமாசங்கர் என்ற அந்தப் பெண்ணுக்கு 2020-இல் சுவீடன் நாட்டிலிருந்து குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு வந்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரின் உலக மாநாட்டிலே அவர் பேசினார். வினா எங்கிருந்து வந்தது? தொழிலாளியின் தள்ளுவண்டியிலிருந்து!

அப்படியானால் சேலத்திலும் நாமக்கல்லிலும் வினாவுக்கா பஞ்சம்?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் துளை போடுகின்றன. எத்தனையாவது அடியில் மண் முடிகிறது, எங்கே பாறை தொடங்குகிறது, எந்த ஆழத்தில் நீர் பீறிடுகிறது என்பதெல்லாம் அந்த வண்டியில் உழைப்பவருக்கு மனப்பாடம். மகன் அதைக் கேட்டு எழுதட்டும். ஊரின் 20 கிணறுகளுக்கு ஆழக் கணக்கும் வரைபடமும் தயாராகட்டும். பிறகு ஒவ்வொரு கிணற்று நீரையும் சோதிக்கட்டும். ஏன் சொல்கிறோம் என்றால், நம் பகுதியின் கடும்பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லிலே கறை படியலாம். மிகுதியாகப் பல்லாண்டு குடித்தால் எலும்பையே முடக்கும். காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும்! படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து அதைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி ஆய்வு நிறுவனம் வகுத்தது. நம் ஊர் நீருக்கு அது எவ்வளவு பலிக்கிறது? ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் அளந்து சொல்லட்டும்.

அடுத்தது குச்சிக் கிழங்கு. ஜவ்வரிசி ஆலைகளுக்கென 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே எழுந்தது. அந்தக் கிழங்கு மாவோடு தண்ணீர், வினிகர், கொஞ்சம் கிளிசரின் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உலர்த்தினால் மெல்லிய தாள் கிடைக்கும். அதையும் பிளாஸ்டிக் பையையும் அருகருகே மண்ணில் புதையுங்கள். எது, எத்தனை நாளில் மட்குகிறது? தாளிலே திப்பியைச் சேர்த்தால் உறுதி கூடுமா, குறையுமா?

நாமக்கல்லிலே முட்டைக்கா குறைவு? முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன்மேல் வினிகரை ஊற்றினால் எரிமலையில் பொங்கிய அதே கரியமில வாயுதான் கொப்பளிக்கும்! ஓட்டுத் தூள் இட்ட தொட்டி ஒன்று, இடாத தொட்டி ஒன்று. மண், விதை, தண்ணீர் எல்லாம் சமம். 30 நாள் செடியை அளக்கட்டும். பயனில்லை என்று முடிவு வந்தாலும் வெட்கமில்லை, அதுவும் விடைதான்.

கஞ்சமலை ஓடையிலே காந்தத்தை இழுத்தால் ஒட்டும் கருமணல், மாக்னடைட் என்ற இரும்புத் தாது. எந்த இடத்து மணலில் எத்தனை கிராம் ஒட்டுகிறது? ஒரு காந்தமும் ஒரு தராசும் போதும்!

இது நம் கற்பனைத் திட்டமன்று. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலை எடுத்துக்கொள், குழுவாக ஆராய் என்றுதான் வழிகாட்டியது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வழி திறந்தது. அங்கே மூண்ட ஆர்வம் 9-ஆம் வகுப்பிலே அணைந்துவிடலாமா?

ஆகவே தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலே இருப்போர் ஒன்றைக் கேளுங்கள்: நடுவர்கள் மாதிரியைப் பார்க்குமுன் மாணவரின் குறிப்பேட்டைப் புரட்டட்டும். என்ன கேட்டாய், எப்படி அளந்தாய், எத்தனை முறை அளந்தாய் என்பதற்கே மதிப்பெண் விழட்டும்.

தந்தையரே! "நான் படிக்காதவன், எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்காதீர். பாறையின் குணம் உமக்குத் தெரியும். நூலின் முறுக்கு உமக்குத் தெரியும். கோழியின் நோய் உமக்குத் தெரியும். அதை மகனிடம் சொல்லுங்கள், மகளிடம் சொல்லுங்கள். உங்கள் கை கற்றதை அவர்கள் கணக்கு சோதிக்கட்டும்!