பனிப்படிகத்தை அடக்கும் பலபடிகள்

குருதிக்கொடையின் சிறப்பை அறியாதார் இலர். ஆயினும், கொடையாகப் பெற்ற குருதியை நெடுநாள் காப்பது எளிதன்று. காப்புக் கரைசல் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 42 நாட்களே பயன்படும். பொதுவான இரத்தப் பிரிவினர்க்கு இக்காலம் போதுமானது. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் குழுவினரும் மும்பையில் கண்டறிந்து உலகிற்கு அறிவித்த ‘பம்பாய்’ இரத்தப் பிரிவினரின் நிலை வேறு. அவர்கட்கு அதே பிரிவினரின் குருதியே பொருந்தும். அப்பிரிவினரோ மிகச் சிலர். அன்னார்க்கெனக் குருதியை ஆண்டுக்கணக்கில் சேமிக்க வேண்டுமெனில் அதனை உறையவைத்தல் வேண்டும். அவ்விடத்தில் பனிப்படிகம் பகையாக வந்து நிற்கிறது.

நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. தூய நீர் மட்டும் படிகமாகிவிட, எஞ்சிய நீரில் உப்பு செறிந்து உயிரணுக்களை வாட்டுகிறது. உறைந்ததை மீண்டும் உருக்கும்போதும் கேடு தொடர்கிறது. அவ்வேளையில் சிறு படிகங்கள் மறைய, பெரும் படிகங்கள் மேலும் பெருக்கின்றன. இதனை ‘மறுபடிகமாதல்’ என்பர். மின்தடையால் இளகி மீண்டும் உறைந்த ஐஸ்கிரீம், நாவில் மணல்போல் நெருடுவது இதனாலேயே. அவ்வாறு பெருத்த படிகங்கள் உயிரணுவின் மென்சவ்வைச் சிதைத்துவிடுகின்றன.

1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், சுமித், பார்க்ஸ் ஆகிய மூவர் கிளிசராலின் காக்கும் ஆற்றலைக் கண்டறிந்தனர். கிளிசரால் சேர்த்துக் கடுங்குளிரில் வைத்த சிவப்பணுக்களை இன்று 10 ஆண்டுகள் வரை காக்கின்றனர். ஆனால், நோயாளிக்குச் செலுத்துமுன் அக்கிளிசராலைப் பலமுறை கழுவி நீக்க வேண்டும். உயிர் ஊசலாடும் வேளையில் அக்காலத்தாழ்வு பெரும் இடராகும்.

இதற்கு மாற்றுவழி காட்டியவை அண்டார்க்டிக் கடல் மீன்கள். அக்கடல்நீரின் வெப்பநிலை சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 1.9 பாகை செல்சியசு. பிற கடல்மீன்களின் குருதி அக்குளிரில் உறைந்துவிடும். இம்மீன்களோ நீந்தித் திரிகின்றன. ஆர்தர் டிவிரீசு என்னும் அமெரிக்க அறிஞர் 1960-களில் இதனை ஆராய்ந்து, அவற்றின் குருதியில் சர்க்கரை இணைந்த புரதங்கள் இருப்பதைக் கண்டார். அவை நுண்ணிய பனிப்படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அது வளராதவாறு தடுக்கின்றன.

அப்புரதங்களை மிகுதியாகப் பெறுவது அரிது, செலவும் மிகுதி. எனவே, அவற்றின் பணியைச் செய்யவல்ல செயற்கைப் பலபடிகளை வேதியியலார் நாடினர். சிறிய மூலக்கூற்று அலகுகள் பல சங்கிலிபோல் இணைந்ததே பலபடி. அவற்றுள் முதன்மையாக விளங்குவது பாலிவினைல் ஆல்கஹால். 1924-இல் செருமனியில் முதன்முதல் உருவாக்கப்பெற்ற இது, பசையாகவும், நெசவில் பாவு நூலுக்கிடும் கஞ்சியாகவும் நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. இதன் சங்கிலி நெடுகிலும் அமைந்துள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் பனிப்படிகத்தின் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. 10 அலகுகளே கொண்ட குறுஞ்சங்கிலிக்கு இவ்வாற்றல் இல்லை. ஏறக்குறைய 20 அலகுகளை எட்டியபின்னரே அது வெளிப்படுகிறது. பல கைகள் ஒருசேரப் பற்றினாலன்றிப் பிடி நிலைக்காது என்பதை இது உணர்த்துகிறது.

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் மாத்யூ கிப்சன் தலைமையிலான குழுவினர், இப்பலபடியைச் சிறிதளவே சேர்த்துச் சிவப்பணுக்களை உறையவைத்து உருக்கினர். கிளிசரால் போன்ற கரைப்பான்களைச் சேர்க்காத நிலையிலும் அணுக்களில் கணிசமான பகுதி பிழைத்ததை 2014-இல் அறிவித்தனர். உருகும் வேளையில் படிகம் பெருக்காமல் தடுத்ததே இதற்குக் காரணம்.

கிளிசராலின் இடத்தை இப்பலபடி இன்னும் பெற்றுவிடவில்லை. பிழைக்கும் அணுக்களின் அளவு உயர வேண்டும். உடலுக்குத் தீங்கின்மையும் ஐயமற உறுதிப்பட வேண்டும். எனினும், கடுங்குளிரைக் காட்டிலும் அக்குளிரில் வளரும் படிகமே அடக்கத்தக்க பகை என்னும் தெளிவு பிறந்துள்ளது. மீனின் குருதியில் தொடங்கிய ஆய்வு மனிதக் குருதியைக் காக்கும் முயற்சியாக வளர்ந்துள்ளது. உயிரியலும் வேதியியலும் கைகோத்த இத்துறையில் செய்ய வேண்டிய பணிகள் பல உள. அவற்றை ஏற்க நம் மாணவச் செல்வங்கள் முன்வருதல் வேண்டும்.