கட்டணம் இல்லை... கூலி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பும் வந்துவிடும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மேலும் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்நாடு செய்திருக்கும் பெரிய காரியம் இது. மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனாலும் பிட்டர், வெல்டர் பிரிவுகளில் சேர்ந்த பையன்களில் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். படிப்பு ஏறாமல் அல்ல. பதினேழு வயதுப் பையன் பெயின்டருக்குக் கையாளாகப் போனால் அன்று மாலையே வீட்டுக்குக் காசு வருகிறது. அப்பா படுத்துவிட்ட வீட்டில், தங்கை பள்ளிக்குப் போகும் வீட்டில், அந்தக் காசை ஓரிரு வருடம் விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான கட்டணம். எந்த அறிவிப்பிலும் அது அச்சாவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அந்த 750 ரூபாய் இரண்டே நாள் கூலிக்குச் சற்று மேல். அதோடு அந்த 1,000 ரூபாயைக் கூட்டினாலும் ஐந்து நாள் கூலிதான் தேறும். எலெக்ட்ரீசியன் சீட்டுக்காக வெளியூர் போய், விடுதி கிடைக்காமல் ரூம் எடுத்துத் தங்குகிறவனுக்குச் சாப்பாட்டுக்கே அது போதாது. தனியார் ஐ.டி.ஐ.யில் பணம் கட்டிச் சேர்ந்தவன் பாடு இன்னும் கஷ்டம்.

71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க, டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் திட்டம் போட்டது அரசு. ரோபோவும் நவீன இயந்திரங்களும் வந்திறங்கின. நல்லது, தேவையானது. அந்த இயந்திரத்தின் முன் நிற்க வேண்டிய பையன் திங்கட்கிழமை சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடக் கூடாது அல்லவா? 750 ரூபாயை வருகை நாளுக்கு 100 ரூபாய் என்று மாற்றினால் 25 நாளுக்கு 2,500 ஆகும். புதல்வன் பணத்தையும் சேர்த்தால் 3,500. முழுக் கூலிக்கு ஈடாகாதுதான். ஆனால் மாதம் பிறந்ததும் தவறாமல் வந்தால், "இன்னும் ஒரு வருஷம்தானே, படிக்கட்டும்" என்று சொல்ல ஒரு அம்மாவுக்குத் தைரியம் வரும்.