சதுரத் தோப்புக்குள் முக்கோணம்: எக்செல்லில் பரப்பளவு

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பின் பரப்பைச் சென்ட், ஏக்கரில்தான் சொல்வார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

200 அடி பக்கமுள்ள சதுரத் தென்னந்தோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்கு மூலையில் ஒரு கல். கிழக்கு வேலியில், தென்கிழக்கு மூலையிலிருந்து 80 அடியில் ஒரு கல். வடக்கு வேலியில், வடமேற்கு மூலையிலிருந்து 120 அடியில் ஒரு கல். இந்த மூன்று கற்களுக்குள் அடங்கும் முக்கோணத்தை மட்டும் குத்தகைக்கு எடுக்கிறீர்கள். எத்தனை சென்டுக்குப் பணம் தர வேண்டும்?

எக்செல்லைத் திறந்து ஏ1 செல்லில் 200, பி1-ல் 80, சி1-ல் 120 என டைப் செய்யுங்கள். டி1-ல் கீழ்க்கண்ட ஃபார்முலாவை அடித்து என்டர் கீயைத் தட்டுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

=(ஏ1*ஏ1-பி1*சி1)/2

விடை 15200 சதுர அடி. ஈ1-ல் =டி1/435.6 கொடுத்தால் 34.89 சென்ட். சதுரத்தின் 40,000 சதுர அடியிலிருந்து, வெளியே மிஞ்சும் மூன்று செங்கோண முக்கோணங்களை (8,000 + 12,000 + 4,800) கழித்துப் பாருங்கள். இதே விடைதான் வரும்.

அடைப்புக்குறியை மறந்தால் 35200 என்று வரும். 80 சென்டுக்கும் மேல்! எக்செல் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. சதுரத்துக்குள் வரையும் எந்த முக்கோணமும் அதன் பாதியைத் தாண்டாது. இங்கே பாதி 20,000. விடை அதற்கு மேல் போனால், பணத்தை எண்ணும் முன் ஃபார்முலாவைச் சரிபாருங்கள்.